விரதமும் நடையும்

ஆண்டு பிறந்ததும் உடலைப் பேண உறுதி பூணுவோர் பலர். தைத் திங்கள் முடியுமுன் அதனைக் கைவிடுவோரும் பலர். நாமும் அவ்வரிசையில் பன்முறை நின்றுள்ளோம். ஆதலின், மனவுறுதிக்குப் பெயர்பெற்ற காந்தியடிகளின் வாழ்வை இக்கோணத்தினின்று நோக்க விழைகின்றோம்.

போர்பந்தரில் 1869 அக்டோபர் 2ஆம் நாள் பிறந்த மோகன்தாஸ், இராஜ்கோட்டில் பயின்ற காலத்தில் உடற்பயிற்சியில் சிறிதும் நாட்டமற்ற மாணவராகவே இருந்தார். தலைமையாசிரியர் கீமி, மேல்வகுப்பினர்க்கு உடற்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கினார். ஒருபுறம் இயல்பான கூச்சம், மறுபுறம் நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்யும் ஆவல். அவருக்கு அக்கட்டாயம் கசந்தது. ஒரு சனிக்கிழமை, காலைப் பள்ளி முடிந்தபின் மாலை 4 மணிக்குப் பயிற்சிக்காக மீண்டும் செல்ல வேண்டியிருந்தது. கையில் கடிகாரமில்லை, மேகமூட்டத்தால் நேரமும் தெரியவில்லை. அவர் சென்றபோது அனைவரும் கலைந்துவிட்டிருந்தனர். நடந்ததைக் கூறியும் தலைமையாசிரியர் நம்பாது அபராதம் விதித்தார். பொய்யன் எனக் கருதப்பட்டதே அச்சிறுவனை அழவைத்தது. கண்டிப்பே கல்வி என்றெண்ணிய நாட்களில் நாம் எத்தனை மாணவரை இவ்வாறு நம்ப மறுத்தோமோ! பின்னர்த் தந்தையின் கடிதத்தால் விலக்குக் கிடைத்தது. எனினும், திறந்தவெளியில் நெடுந்தொலைவு நடப்பதன் நன்மையை நூல்களிற் படித்து, நடையை வழக்கமாக்கிக்கொண்டார்.

வலிமை பெற ஊன் உண்ணவேண்டும் என்ற நண்பரின் சொல்லை நம்பி, அவர் ஓராண்டுக் காலத்தில் சிலமுறை மறைவாகப் புலால் உண்டதும் உண்டு. பெற்றோரிடம் பொய்யுரைக்க நேர்ந்தமையால் அதனை விடுத்தார். 1888இல் இலண்டன் புறப்படுமுன், ஜைனத் துறவியாகிய பேசர்ஜி சுவாமி அவரைத் தாயின் முன்னிலையில் மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என்று விரதம் ஏற்கச் செய்தார். அம்மாநகரில் கட்டணத்தை மிச்சப்படுத்த அவர் நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார். சிக்கனத்திற்காகத் தொடங்கிய நடை நோயினின்றும் காத்தது.

தென்னாப்பிரிக்காவில் 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் இருந்தது. சொந்த வேலையாக நகருக்குச் செல்வோர் நடந்தே செல்லவேண்டும் என்பது அங்குள்ள விதி. விடியுமுன் இரண்டு மணிக்கே எழுந்து, கட்டுச்சோற்றுடன் புறப்படுவர். விதி தமக்கும் பிறர்க்கும் ஒன்றாயிருந்தமையால் அது நிலைத்தது என்பது நம் கருத்து. தனியே எழுபவனுக்குப் போர்வை இனிக்கும். பக்கத்துப் பாயிலிருப்பவரும் எழுந்துவிட்டால் படுத்திருக்க நாணம் வரும்.

அவ்வுறுதியும் தளர்ந்ததுண்டு. 1912இல் பாலைத் துறந்தவர், 1918இல் கேடா மாவட்டத்தில் அலைந்துழன்றபோது சீதபேதியால் வீழ்ந்தார். திருநாளன்று கஸ்தூரிபா ஆக்கிய இனிப்புக் கோதுமைக் கூழை அளவின்றி உண்டதே நோயை முற்றச்செய்தது என்று தாமே எழுதினார். மருத்துவர் பால் அருந்தச் சொன்னார், அவர் மறுத்தார். விரதம் பூண்டபோது எண்ணியது பசுவும் எருமையும் தந்த பாலையே, ஆட்டுப்பாலுக்குத் தடையேது என்று கஸ்தூரிபா கேட்டார். அவர் இணங்கினார். விரதத்தின் சொல்லைக் காத்துப் பொருளை இழந்துவிட்டதாக அவர் நெஞ்சு பின்னரும் உறுத்திக்கொண்டேயிருந்தது. அன்றாட நடைக்கு வகைவகையாய்ச் சாக்குரைக்கும் நமக்கு இவ்விடம் சற்றுக் கடினமானது.

1930இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமத்தார்க்கு வாரந்தோறும் எழுதிய மடல்களில், இயன்றவரை செய்வேன் என்பது உறுதியாகாது, வீழ்ச்சிக்கான முதற்படி என விளக்கினார். அதற்குச் சில திங்கள் முன்னர்தான், அறுபது வயதில், சபர்மதியிலிருந்து தண்டிவரை ஏறத்தாழ 240 மைலை 24 நாட்களில் நடந்து முடித்திருந்தார். 1947இல், எழுபத்தேழு வயதில், நவகாளியின் சிற்றூர்களுக்குக் காலணியின்றி நடந்தார்.

1948 ஜனவரி 30 மாலை, பட்டேலுடன் பேசிக்கொண்டிருந்தமையால் 5 மணி வழிபாட்டிற்குப் பத்து நிமிடம் தாமதமாயிற்று. தாமதம் அவருக்கு எப்போதும் பிடிக்காதது. மனு, ஆபா இருவர் தோள்களிலும் கைவைத்து, பிர்லா மாளிகைப் புல்வெளியில் விரைந்து நடந்தார்.