பட்டம் பெறாத வல்லுநர்

பஞ்சாபிலே மித்தா திவானா என்னுஞ் சிற்றூரிற் பிறந்த மீர் சுல்தான் கான், இளமையில் இந்திய முறைச் சதுரங்கம் பயின்றார். அம்முறையிற் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். சேர் உமர் ஹயாத் கானின் ஆதரவில் இங்கிலாந்து சென்று, புதுவிதிகளுக்குப் பழகி, 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளிற் பிரித்தானிய வெற்றிவீரரானார். முன்னாள் உலக வெற்றிவீரர் கப்பாபிளாங்காவையும் ஹேஸ்டிங்ஸ் நகரில் வென்றார். பின்னர் தாயகம் மீண்டு, மேனாட்டுப் போட்டிகளை முற்றாக நீங்கினார்.

சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் 1950இற் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கத் தொடங்கியது. 1966 வரை வாழ்ந்தும் அவருக்கு அது கிட்டவில்லை. 2024இலேயே கௌரவப் பட்டமாக வந்தது. தொடர்ந்து ஆடியிருப்பின் எத்துணை உயர்ந்திருப்பார்? அவ்வினாவுக்கு விடையில்லை. இளைஞர்காள், வல்லாரை அவர் வாழுங்காலத்திலேயே போற்றுவோமாக.