ஊர் திரும்பிய எழுத்துக்கள்

கொம்பியூட்டரில் ஆங்கிலக் கடிதம் அடிக்கும்போது எழுத்து வகைகளின் பெயர்கள் வரிசையாக வரும். அதில் பாஸ்கர்வில் என்ற பெயரைக் கனபேர் கண்டிருப்பீர்கள். அது ஒரு மனிதரின் பெயர்.

ஜோன் பாஸ்கர்வில் 1706ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் வொல்வர்லி கிராமத்தில் பிறந்தார். பேர்மிங்காமுக்கு வந்து, அழகாக எழுதப் படிப்பித்தார். கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டினார். பிறகு தட்டங்களுக்கு மினுமினுப்பான வார்னிஷ் பூசும் தொழில் தொடங்கிப் பணக்காரர் ஆனார்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் நாற்பதைத் தாண்டிய பிறகு, 1750 அளவில், பழைய எழுத்து ஆசை திரும்பப் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் அச்செழுத்துச் செய்வது லேசான வேலையில்லை. உருக்குத் துண்டின் முனையில் எழுத்தை இடம் வலம் மாற்றி வெட்டவேண்டும். அதைச் செம்பில் அடித்து அச்செடுத்து, அதற்குள் ஈயக் கலவையை உருக்கி வார்க்கவேண்டும். எழுத்தின் வடிவம் பாஸ்கர்விலுடையது. உருக்கை வெட்டிய கை ஜோன் ஹான்டி என்ற தொழிலாளியுடையது. எழுத்துக்கு அவர் பெயர் வைக்கப்படவில்லை. தொழிற்சாலையில் நிற்கிற எனக்கு அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல மனமில்லை.

எழுத்து மட்டும் காணாது என்று மை, கடதாசி, அச்சு இயந்திரம் எல்லாவற்றையும் திருத்தினார். அச்சடித்த தாளைச் சூடான செம்புத் தகடுகளுக்கு இடையில் அழுத்தினார். 1757இல் இலத்தீன் கவிஞர் வேர்ஜிலின் நூல் வெளிவந்தது. மெல்லிய கோடும் தடித்த கோடும் பளிச்சென்று தெரியும் அந்த எழுத்து கண்ணைக் கெடுக்கும் என்று சிலர் குறை சொன்னார்கள். 1763இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக அச்சிட்ட பைபிள் இன்று அவருடைய மிகச் சிறந்த வேலை என்று போற்றப்படுகிறது. அன்று அதை வாங்கப் போதிய ஆளில்லை. போட்ட காசு நட்டம்.

1775 ஜனவரியில் காலமானார். தேவாலய நிலம் வேண்டாம் என்று எழுதிவைத்தபடி, சொந்த வளவிலேயே அடக்கம் செய்தார்கள். இங்கிலாந்தில் எழுத்துக்களை வாங்க ஆளில்லாமல், மனைவி சாரா 1779இல் பிரெஞ்சு நாடகாசிரியர் போமார்ஷேக்கு விற்றார். வொல்ற்றயரின் நூல்களை அச்சிட அவை கடல் கடந்து போயின.

மனிதருக்கும் நிம்மதியில்லை. 1821 அளவில் வளவைத் தோண்டியபோது பெட்டி வெளியே வந்தது. கிடங்கில் கிடந்தது, கடையில் வேடிக்கைப் பொருளானது. தேவாலய நிலவறையில் வைத்தார்கள். அந்தத் தேவாலயமும் மூடப்பட, 1898இல் வேறு சவக்காலைக்கு மாற்றினார்கள்.

எழுத்துக்கோ நல்ல காலம் வந்தது. 1917இல் அமெரிக்கரான புரூஸ் ரோஜர்ஸ் கேம்பிரிட்ஜில் ஒரு பழைய மாதிரித் தாளைப் பார்த்து அந்த எழுத்தின் அருமையைக் கண்டுகொண்டார். 1923இல் மோனோரைப் நிறுவனம் அதைப் புதிதாக வார்த்தது. 1953இல் பரிஸ் நகரத்து வார்ப்பகம் ஒன்று, ஹான்டி வெட்டிய அந்த உருக்குத் துண்டுகளையே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. போனவை 174 வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்தன.

முப்பது கடந்ததுமே இனி என்ன என்று அலுத்துக்கொள்கிற எங்களுக்கு இது ஒரு ஆறுதல், பாருங்கோ. வயது போய்த் தொடங்கிய வேலை, நட்டப்பட்ட வேலை, நாடு விட்டுப் போன வேலை. திருத்தமாகச் செய்திருந்தபடியால் அது அழியவில்லை.