ஒரு லட்சம் மைல் அலைந்த தமிழர்

பாம்பூஃப்ளாட்டில் வாழும் நம்மவர்களுக்குக் கப்பல் பயணம் புதிதல்ல. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, மூன்று நாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். மேல்தட்டில் நிற்கும்போது ஊர் நினைவு, கடன் நினைவு, தங்கை கல்யாணம் என்று மனம் எங்கெங்கோ ஓடும்.

1937-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்ற கப்பலில் 25 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் இருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். காந்தியடிகளின் வாழ்க்கையை உண்மைப் படமாக எடுத்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அவர்தான் ஏ. கே. செட்டியார்.

1911-ல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்த கருப்பன் செட்டியார், இளமையிலேயே பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவர். நம் பெரியவர்களுக்குப் பழக்கமான ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். பிறகு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்றார்.

எண்ணம் எல்லோருக்கும் வரும். அதை முடிப்பவர் சிலரே. செட்டியார் சென்னையில் ஒரு படக் கம்பெனியைத் தொடங்கினார். காந்தியடிகளை யார் யார் எங்கெங்கே படம் பிடித்தார்களோ, அங்கெல்லாம் தேடிப் போனார். தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா என்று நான்கு கண்டங்களில் அலைந்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் மைல்! முப்பது ஆண்டுகளில் சுமார் நூறு பேர் எடுத்த 50,000 அடி படச்சுருளைத் திரட்டி, அதிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்தெடுத்தார்.

நாடு அடிமைப்பட்டிருந்த காலம் அது. 1939-ல் யுத்தமும் மூண்டுவிட்டது. அந்த நிலையிலும் 1940 ஆகஸ்டில் தமிழ் விளக்கவுரையோடு படம் சென்னையில் வெளிவந்தது. தெலுங்கிலும் வந்தது. ஆனால் வெள்ளையர் ஆட்சியின் கெடுபிடியால் அது நெடுநாள் ஓட முடியவில்லை. 1947-ல் சுதந்திரம் பிறந்த வேளையில் டில்லியில் இந்தி விளக்கத்தோடு திரையிடப்பட்டது. 1953-ல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் வந்தது.

இவ்வளவு செய்தவர் தம்மைப் பற்றிப் பேசியதே குறைவு. 1943-ல் 'குமரி மலர்' பத்திரிகையைத் தொடங்கி, சுமார் நாற்பது ஆண்டுகள் நடத்தினார். பழைய பத்திரிகைகளில் புதைந்து கிடந்த அரிய கட்டுரைகளைத் தேடி எடுத்து அதில் வெளியிட்டார். 'உலகம் சுற்றும் தமிழன்' முதலிய அவருடைய பயண நூல்களில் ஆரவாரம் இராது. சிறு சிறு வாக்கியங்களும் மெல்லிய நகைச்சுவையும் இருக்கும். 1983 செப்டம்பரில் காலமானார்.

வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. அரும்பாடுபட்டு எடுத்த அந்தத் தமிழ்ப் படம் காணாமற்போயிற்று. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடிக் கண்டுபிடித்தது, அமெரிக்காவில் இருந்த ஆங்கில வடிவத்தைத்தான். சிதறிக் கிடந்த படச்சுருள்களை உலகெங்கும் போய்ச் சேர்த்தவரின் படத்தைக் கட்டிக்காக்க நமக்குத் தெரியவில்லை.

நம் வீட்டுப் பெட்டிகளிலும் தாத்தா வந்த கப்பல் டிக்கெட்டு, பழைய கடிதம், மங்கிய போட்டோ இருக்கக்கூடும். செல்லரிக்கும் முன் எடுத்து வைப்போம். செட்டியார் வாழ்ந்து காட்டிய பாடம் அதுதான்.