சிரிச்ச முகம் சீறிய நாள்!

1912, டிசம்பர் 31 இரவு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் தெருவில் 11 வயசுப் பையன் ஒருத்தன் புத்தாண்டு குஷியில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டான். போலீஸ் பிடித்து, கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் அடைத்தது. அங்கே முறையா கார்னெட் ஊதக் கத்துக்கிட்ட அந்தப் பையன்தான், ஜாஸ் உலகின் ட்ரம்பெட் நாயகன் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்!

1922-ல் குரு கிங் ஆலிவர் அழைக்க, சிகாகோ போனார். 1925-லிருந்து சொந்தக் குழுவோடு பதிவுசெய்த இசைத்தட்டுகள் ஜாஸையே மாத்திப்போட்டன. கூட்டமா வாசிச்ச இசையில், தனி ஒருத்தரின் வாசிப்பு ஹீரோ ஆனது.

புகழோடு பழியும் வந்தது. வெள்ளைக்காரர்கள் முன்னாடி பல்லைக் காட்டுறார்னு இளைய கறுப்பினக் கலைஞர்களே குத்திக்காட்டினாங்க.

1957-ல் லிட்டில் ராக் நகரப் பள்ளிக்குள் 9 கறுப்பின மாணவர்களை விடாமல் ஆளுநர் படையை நிறுத்தினார். ஆம்ஸ்ட்ராங் பொங்கிட்டார். அதிபர் ஐசனோவருக்குத் துணிச்சல் இல்லைன்னு நிருபரிடம் சாடினார். அரசு அனுப்பவிருந்த சோவியத் பயணத்தையும் உதறினார். கண்டனம் குவிந்தது. ஆனா, சொன்ன சொல்லை அவர் திரும்ப வாங்கலை.

1964-ல், 62 வயசில், பீட்டில்ஸையே முதலிடத்திலிருந்து இறக்கினார். 1971 ஜூலை 6-ல் மறைந்தார். அந்தச் சிரிப்பைக் கோழைத்தனம்னு நினைச்சவங்களுக்கு, 1957-லேயே பதில் கிடைச்சிருந்தது.