பெயர் பறிக்கப்பட்ட பேனா

இங்கிலீஷ் படம் பார்க்கும் வழக்கமுள்ள தோழர்களுக்கு 'ரோமன் ஹாலிடே' நினைவிருக்கும். 1953ல் வெளிவந்த படம். அரண்மனைச் சட்டதிட்டங்களில் சலித்துப்போன இளவரசி ஒருத்தி, ரோமாபுரியில் இரவோடிரவாக வெளியேறிவிடுகிறாள். ஒரே ஒரு பகல் சாதாரணப் பெண்ணாகச் சுற்றுகிறாள், முடியை வெட்டிக்கொள்கிறாள், ஐஸ்கிரீம் தின்கிறாள், ஸ்கூட்டர் ஓட்டித் தெருவையே கலக்குகிறாள். கூடவே திரியும் பத்திரிகை நிருபனுக்கு அவள் யாரென்று தெரியும். சேதியை விற்றால் கை நிறையப் பணம். அவனோ வாடகை பாக்கிக்காரன். ஆனாலும் கடைசியில் விற்க மறுக்கிறான். எடுத்த போட்டோக்களையும் அவளிடமே கொடுத்துவிடச் செய்கிறான்.

ஆட்ரி ஹெப்பர்னுக்கு அந்தப் படத்தில் சிறந்த நடிகை என்ற ஆஸ்கார் பரிசு கிடைத்தது. கதைக்கும் ஆஸ்கார் கிடைத்தது. கதைப் பரிசு அயன் மெக்லெல்லன் ஹன்டர் என்பவர் பெயருக்குப் போயிற்று. ஆனால் கதையை எழுதியவர் அவரல்ல! எழுதியவரின் பெயரைத் திரையில் போட்டிருந்தால் எந்தக் கம்பெனியும் அந்தப் படத்தைத் தொட்டிராது. அந்தப் பெயர் டால்டன் டிரம்போ.

காட்டிக்கொடுத்தால் காசு என்று இருக்கும்போது வாயை மூடிக்கொள்கிற ஒருவனின் கதை அது. அதை எழுதிய மனிதர் அப்போது எந்த நிலையில் இருந்தார் என்று தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தால், சிரித்துப் பார்த்த படத்தில் வேறொரு சங்கதி தென்படும்.

டிரம்போ 1905ல் கொலராடோ மாநிலத்தில் பிறந்தவர். தந்தை செருப்புக் கடைச் சிப்பந்தி. பிழைப்பைத் தேடி லாஸ் ஏஞ்சல்ஸ் வந்த குடும்பத்தில் தந்தை 1926ல் இறந்தார். தாயையும் தங்கைமாரையும் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு, இருபது வயதைத் தாண்டிய மகன் தலையில் விழுந்தது. ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் இராத்திரி ஷிப்ட். ஓராண்டு ஈராண்டல்ல, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள்! இரவெல்லாம் அடுப்பங்கனலில் நின்றுவிட்டுப் பகலில் கதை எழுதுவார். அனுப்பிய கதைகள் திரும்பி வந்தபடியே இருந்தன. சினிமாக்காரர் என்றால் பட்டு மெத்தையில் பிறந்தவர் என்று எண்ணுகிற தோழர்களுக்காகவே இதைச் சற்று விரித்துச் சொல்கிறோம்.

பிறகு வார்னர் சகோதரர்கள் ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது. 1936ல் ஒரு சோதனை வந்தது. எழுத்தாளர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்திருந்தார்கள். அதை உடைக்க முதலாளிகளின் ஆசியோடு போட்டிச் சங்கம் ஒன்று முளைத்தது. இந்த வித்தை நம் ஆலைத் தோழர்களுக்குப் புதிதல்ல. சொந்தச் சங்கத்தை விட்டு விலகச் சொன்னார்கள், டிரம்போ மறுத்தார், வேலை போயிற்று. ஆனால் திறமையை எத்தனை நாள் பூட்டி வைக்க முடியும்? 1940ல் வந்த 'கிட்டி பாயில்' படம், வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை. ஜிஞ்சர் ராஜர்சுக்கு ஆஸ்கார் வாங்கித் தந்தது. டிரம்போ உயர்ந்தார். எம்.ஜி.எம். கம்பெனி ஒரு திரைக்கதைக்கு 75,000 டாலர் தர ஒப்பந்தம் போட்டது. ஹாலிவுட்டிலேயே அதிகக் கூலி வாங்கிய எழுத்தாளர்களில் ஒருவரானார். பண்ணை வீடு வாங்கினார். 1943ல் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார்.

அவரைக் குறையே இல்லாதவராகக் காட்டுவது நம் நோக்கமல்ல. 1939ல் 'ஜானி காட் ஹிஸ் கன்' என்ற நாவலை எழுதினார். கையும் காலும் கண்ணும் காதும் வாயும் போரில் இழந்து, நினைவு மட்டும் மிஞ்சிய சிப்பாயின் கதை. போர் வெறியை அவ்வளவு கடுமையாகச் சாடிய நூல்கள் சிலவே. ஹிட்லரை எதிர்த்து அமெரிக்காவும் போரில் இறங்கிய பிறகு, அந்த நாவலைக் கேட்டு வலதுசாரிகள் சிலர் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். டிரம்போ அந்தக் கடிதங்களை எப்.பி.ஐ. போலீசாரிடம் ஒப்படைத்தார். வந்த போலீசாரின் கண் கடிதம் எழுதியவர்கள் மீதல்ல, தம் மீதே இருந்தது என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அந்தச் செய்கைக்காகப் பின்னாளில் வருந்தினார்.

1947 அக்டோபர். அமெரிக்கப் பார்லிமெண்டான காங்கிரசின் கமிட்டி ஒன்று, ஹாலிவுட்டில் தேசத் துரோகிகளைத் தேடப் புறப்பட்டது. கட்சியில் இருக்கிறாயா, இருந்ததுண்டா, சங்கத்தில் இருக்கிறாயா என்பதே கேள்வி. பதில் சொன்னால் அடுத்த கேள்வி, இன்னும் யார் யார் என்பது. டிரம்போவும் வேறு ஒன்பது பேரும், ஒருவனின் கருத்தைத் துருவ அரசாங்கத்துக்கு உரிமை இல்லை என்று நின்றார்கள். ஹம்ப்ரி போகார்ட் போன்ற நட்சத்திரங்கள் விமானம் ஏறி வாஷிங்டனுக்கே வந்து ஆதரவு காட்டினார்கள். கொஞ்ச நாளில் போகார்ட் பின்வாங்கிவிட்டார். நவம்பரில் ஸ்டூடியோ முதலாளிகள் நியூயார்க்கில் ஒரு பெரிய ஓட்டலில் கூடி, இந்தப் பத்துப் பேருக்கும் இனி வேலை இல்லை என்று அறிக்கை விட்டார்கள். கருப்புப் பட்டியல் பிறந்தது.

காங்கிரசை அவமதித்த குற்றத்துக்கு ஓராண்டுச் சிறை, ஆயிரம் டாலர் அபராதம். 1950 ஜூனில் கென்டக்கி மாநிலத்து ஆஷ்லாண்டு சிறைக்குள் போன டிரம்போ, ஏறத்தாழ பத்து மாதம் இருந்து வெளிவந்தார். இதில் ஒரு வேடிக்கை! விசாரித்த கமிட்டியின் தலைவர் பார்னெல் தாமஸ், இல்லாத சிப்பந்திகளுக்குச் சம்பளக் கணக்கு எழுதிப் பணம் சுருட்டியதாகத் தண்டனை பெற்று டான்பரி சிறைக்குப் போனார். அங்கே அவருக்கு முன்பின்னாக வந்து சேர்ந்த கைதிகளில், பத்துப் பேரில் இருவர் இருந்தார்கள்! ஒரே முற்றத்தில் உலாவ வேண்டியதாயிற்று.

விடுதலையானதும் மனைவி கிளியோவையும் மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு மெக்சிகோ போனார். பணம் கரைந்ததும் திரும்பினார். இனித்தான் அவருடைய உண்மையான உழைப்பு தொடங்குகிறது. கள்ளச் சந்தையில் எழுத்து! பொய்ப் பெயர்களில், நண்பர்கள் பெயர்களில், பழைய கூலியில் மிகச் சிறு பங்குக்கு, இரவும் பகலுமாக எழுதித் தள்ளினார். தொட்டித் தண்ணீரில் உட்கார்ந்து, குறுக்கே பலகை போட்டு எழுதுவது அவர் வழக்கம். பெயர் கொடுத்து உதவிய ஹன்டரையும் நாம் மறக்கலாகாது. கிடைத்த பணத்தை டிரம்போவிடம் சேர்த்தவர் அவர். பிறகு அவரும் அதே பட்டியலில் விழுந்தார்.

1957ல் நடந்த ஆஸ்கார் விழாவில் 'தி பிரேவ் ஒன்' படத்தின் கதைக்காக ராபர்ட் ரிச் என்ற பெயரை வாசித்தார்கள். மெக்சிகோச் சிறுவனும் அவன் வளர்த்த காளையும் பற்றிய படம். காளை சண்டைக் களத்தில் வீரமாக நின்றதால் உயிர்ப்பிச்சை பெறுகிறது. பரிசு வாங்க ராபர்ட் ரிச் வரவில்லை. எப்படி வருவார்? அப்படி ஒரு எழுத்தாளரே இல்லையே! நாடெங்கும் பத்திரிகைகள் தேடின. டிரம்போ மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. நல்ல கதைக்கெல்லாம் அவர்தான் ஆசிரியரோ என்ற சந்தேகத்தை ஊரே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டார். 1959 ஜனவரியில்தான் தாமே ரிச் என்று அறிவித்தார்.

1960 ஜனவரியில் டைரக்டர் ஆட்டோ பிரெமிஞ்சர், 'எக்சோடஸ்' படத்தை எழுதியவர் டிரம்போ என்று பகிரங்கமாகச் சொன்னார். கிர்க் டக்ளஸ் 'ஸ்பார்டகஸ்' படத்தில் அவர் பெயரைப் போட்டார். யார் முந்தியவர் என்ற சண்டை பிறகு நெடுநாள் நடந்தது. அதில் நமக்கு அக்கறை இல்லை. ரோமானிய அடிமைகளின் கலகம் பற்றிய அந்தப் படத்தின் மூல நாவலை எழுதிய ஹோவர்ட் பாஸ்டும் அதே காலத்தில் சிறை சென்றவர். பிடிபட்ட அடிமைகளிடம், ஸ்பார்டகசை அடையாளம் காட்டினால் சிலுவையிலிருந்து தப்பலாம் என்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து, நானே அவன் என்கிறார்கள் அத்தனை பேரும். கமிட்டி முன் பெயர் சொல்ல மறுத்தவர் எழுதிய காட்சி! வலதுசாரிகள் கொட்டகை வாசலில் மறியல் செய்தார்கள். ஜனாதிபதி கென்னடி அதைத் தாண்டிப் போய்ப் படம் பார்த்தார்.

1970ல் எழுத்தாளர் சங்க விருதைப் பெற்றபோது, அந்த நாட்களில் வில்லனும் இல்லை, வீரனும் இல்லை, எல்லோருமே பலியானவர்கள் என்ற பொருள்படப் பேசினார். உடன் சிறை சென்ற ஆல்பர்ட் மால்ட்ஸ் அதை ஏற்கவில்லை. காட்டிக்கொடுத்தவனையும் கொடுக்கப்பட்டவனையும் ஒரே தட்டில் வைப்பதா என்று சினந்தார். நாமும் மால்ட்ஸ் பக்கமே. ஆயினும் அடிபட்டவரே மன்னிக்கும்போது, அடிபடாத நாம் உரத்துப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ராபர்ட் ரிச்சின் ஆஸ்கார் சிலை 1975ல் அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டு செப்டம்பரில், எழுபது வயதில், மாரடைப்பால் மறைந்தார். 'ரோமன் ஹாலிடே' சிலையை 1993ல் கிளியோ பெற்றார். அந்தப் படத்தின் கதைக்கு அவர் பெயரையும் சேர்க்கும்படி டிரம்போவின் மகனும் ஹன்டரின் மகனும் சேர்ந்து முயன்றார்கள். எழுத்தாளர் சங்கம் 2011 டிசம்பரில் அப்படியே செய்தது. டிரம்போவின் மகன் அதே ஆண்டு ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.