லூயி பாஸ்டர்

நாய் கடித்துவிட்டால் மந்திரிப்பவரைத் தேடுவதும், கடிவாயில் சுண்ணாம்பையோ மிளகாய்ப் பொடியையோ அப்புவதும் நமது கிராமங்களில் அடியோடு ஒழிந்தபாடில்லை. புதுக்கோட்டை ஜில்லாவில் கிராமந்தோறும் சென்று உழைக்கும் நம் ஊழியர்கள், பிரெஞ்சு தேசத்து லூயி பாஸ்டரின் சரித்திரத்தை அறிந்திருப்பது அவசியமென்று கருதுகிறோம்.

1822ஆம் வருஷம் டிசம்பர் 27ஆம் தேதி, டோல் என்னும் ஊரில், தோல் பதனிடும் தொழிலாளி ஒருவருக்கு மகனாக அவர் பிறந்தார். 1831இல் ஆர்புவா என்ற ஊரில் சிறுவனாயிருந்தபோது, வெறிகொண்ட ஓநாயால் கடியுண்டவர்களின் புண்களைக் கொல்லன் உலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் சுட்டதைக் கண்டார். பிற்காலத்தில் ரஸாயன சாஸ்திரியானாரேயன்றி வைத்தியப் பட்டம் பெற்றாரில்லை. 1868இல் பக்கவாதம் கண்டு இடப்பாகம் தளர்ந்த பின்னரே அவருடைய பெருங்காரியங்களிற் பல நிகழ்ந்தன.

வெறிநாய்க்கடி விஷம் உடனே மூளையை எட்டுவதில்லை. நரம்பின் வழியே ஊர்ந்து செல்வதற்குப் பெரும்பாலும் வாரங்களும், சில சமயம் மாதங்களும் ஆகும். இந்த இடைவெளியையே பாஸ்டர் பற்றிக்கொண்டார். நோய் கண்டு இறந்த முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, விஷம் தணிந்ததை முதலிலும் வீரியமுள்ளதைப் பின்னரும் செலுத்தினால், நோய் முந்துமுன் உடல் எதிர்ப்புச் சக்தி பெறும் என்பது அவர் முறை. 1885 ஜூலை 6ஆம் தேதி, ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு டாக்டர் கிரான்ஷேயைக் கொண்டு ஊசி போடுவித்தார். பதின்மூன்று ஊசிகளுக்குப் பின் சிறுவன் பிழைத்தான். அம்முறையை நாய்களிடம் முற்றச் சோதியாமலே துணிந்தாரென்பதை அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்தோர் பின்னாளில் எடுத்துக்காட்டினர். மகான்களிடமும் குறை காண்பதில் தவறில்லை.

ஆயினும் அந்த வெற்றியைவிட, அதே வருஷம் நேர்ந்த ஒரு தோல்வியே நம் மனத்தைத் தைக்கிறது. லூயிஸ் பெல்லெத்தியே என்ற பத்து வயதுப் பெண்ணைத் தலைக் காயத்துடன் கொணர்ந்தபோது, கடியுண்டு முப்பத்தேழு நாட்கள் கழிந்திருந்தன. காலம் கடந்ததென்றறிந்தும், பெற்றோரின் வேண்டுதலை மறுக்கமாட்டாமல் சிகிச்சை செய்தார். குழந்தை இறந்தது. விரோதிகள் அவரைத் தூற்றினர். மறு வருஷம் ருஷ்யாவினின்று வந்த, ஓநாய் கடித்த பத்தொன்பது பேரில் பதினாறு பேர் பிழைத்துத் திரும்பினர். பல தேசத்தார் அளித்த நன்கொடையால் 1888இல் பாரிஸில் அவர் பெயரால் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1895இல் காலஞ்சென்றார்.

நம் நாட்டில் 1900இல் கசௌலியிலும், 1907இல் குன்னூரிலும் பாஸ்டர் பெயரால் நிலையங்கள் தோன்றின. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்து வயிற்றில் போட்ட பழைய ஊசி இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டுவிட்டது. அதைப்பற்றிய பீதி மட்டும் இன்னும் ஜனங்களை ஆஸ்பத்திரிக்கு வரவொட்டாமல் தடுக்கிறது. இப்பொழுது புயத்தில் போடும் சில ஊசிகளே. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே போடுகின்றனர். கடித்தது நாயாயினும் பூனையாயினும், குட்டியேயாயினும், புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால், கடிவாயைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்தவேண்டும். நீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்தபின் பிழைத்தவர் உலகிலேயே மிகச் சிலர்.