மேரி ஸாமர்வில் அம்மையார்

கல்விக்குரிய பருவம் இளமையே என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. மணமாகி மக்களைப் பெற்ற பின் ஒரு பெண் புத்தகத்தைக் கையிலெடுப்பாளாயின் நகைப்போரே பலர். அந்நகைப்பைப் பொருட்படுத்தாது, கணவனை இழந்த பின்னரே கணிதத்தை ஆழ்ந்து பயின்று, ஐம்பதாவது வயதில் உலகறிந்த விஞ்ஞானியாய் விளங்கிய மேரி ஸாமர்வில் அம்மையாரின் சரித்திரம் யாவரும் அறியத்தக்கது.

ஸ்காட்லாந்தில் ஜெட்பரோ என்னும் ஊரில் 1780-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி இவர் பிறந்தார். தந்தையார் கடற்படை உத்தியோகஸ்தர். மகளைப் பெரிதும் படிக்கவைக்கும் நோக்கம் பெற்றோருக்கு இல்லை. பத்தாவது வயதில் ஓராண்டுக் காலம் விடுதிப் பள்ளியொன்றில் இருந்ததே இவர் பெற்ற பள்ளிக் கல்வியில் முக்கியமான பகுதி. பின்னர் ஒருநாள், பெண்களுக்கான பத்திரிகையொன்றில் புதிர்க் கணக்கைப் பார்த்தபோது, அதிற் கண்ட விசித்திரமான குறிகள் இவர் உள்ளத்தைக் கவர்ந்தன. அவை பீஜகணிதக் குறிகள் என்றறிந்து, தம்பியின் உபாத்தியாயர் மூலம் யூக்ளிடின் க்ஷேத்திரகணித நூலை வரவழைத்துக்கொண்டார். அதிகப் படிப்புப் பெண்ணின் உடலுக்கு ஆகாதென்று அஞ்சிய பெற்றோர், இரவில் இவருடைய மெழுகுவர்த்திகளை எடுத்துவிடச் செய்தனர். சிறுமியோ, பகலில் படித்த தேற்றங்களை மனப்பாடமாக வைத்திருந்து இருளிலேயே அவற்றை வரிசையாகச் சாதித்துப் பார்த்தார். அடிமைகளின் உழைப்பால் விளைந்ததென்னும் காரணத்தால் இவரும் இளைய சகோதரரும் சர்க்கரையைப் பகிஷ்கரித்ததும் இளமையில்தான்.

1804-ல் ஸாமுவேல் கிரேக் என்பாரை மணந்தார். பெண்களின் கல்வியில் அவருக்கு மதிப்பு இல்லை. 1807-ல் அவர் காலஞ்சென்றார். இருபத்தாறு வயதில் இரு குழந்தைகளுடன் பிறந்தகம் திரும்பிய மேரிக்குச் சொந்தமாகச் சிறிது பொருள் இருந்தது. தம் காலத்தைத் தாமே செலவிடும் சுதந்திரமும் இருந்தது. சுற்றத்தாரின் ஏளனத்துக்கிடையே நியூட்டனின் பெருநூலையும் உயர் கணிதத்தையும் கற்றார். 1811-ல் கணிதப் பத்திரிகையொன்றின் வினாவுக்கு விடை கண்டு வெள்ளிப் பதக்கம் பெற்றார். அடுத்த ஆண்டு வில்லியம் ஸாமர்வில் என்னும் மருத்துவரை மணந்தார். இவரோ மனைவியின் கல்விக்கு உற்ற துணையாய் நின்ற உத்தமர்.

1827-ல் புரூம் பிரபு ஓர் அரிய வேலையை இவரிடம் ஒப்பித்தார். லாப்லாஸ் என்னும் பிரெஞ்சு மேதை கிரகங்களின் இயக்கத்தைக் கணித முறையில் விளக்கி எழுதிய நூலை ஆங்கிலமறிந்தோர்க்கு எடுத்துரைப்பதே அவ்வேலை. நூல் பயன்படாதெனில் கையெழுத்துப் பிரதியை எரித்துவிட வேண்டுமென்றும், அதுவரை யாரும் அறியலாகாதென்றும் நிபந்தனை விதித்து அம்மையார் இசைந்தார். குடும்ப காரியங்களுக்கிடையே எழுதினார். விருந்தினர் வரின் காகிதங்களை மறைத்துவைத்து எழுந்து சென்றார். 1831-ல் வெளிவந்த அந்நூல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பாடநூலாயிற்று. 1834-ல் பௌதிக சாஸ்திரங்களின் பரஸ்பர சம்பந்தத்தை விளக்கும் நூலும், 1848-ல் பூகோள நூலும் வெளியாயின. யுரேனஸ் கிரகத்தின் தடுமாற்றத்தினின்று, கண்ணுக்குப் புலப்படாத வேறொரு கிரகத்தைக் கணிக்கலாகுமென்று தம் நூலொன்றில் இவர் குறித்திருந்தார். 1846-ல் நெப்டியூன் காணப்பட்டது. அதன் இடத்தைக் கணித்தவருள் ஒருவரான ஆடம்ஸ், அக்குறிப்பே தம்மைத் தூண்டியதெனத் தம் கணவரிடம் கூறியதாக அம்மையார் எழுதியுள்ளார்.

1835-ல் ராயல் வான சாஸ்திர சங்கம் இவரையும் கரோலின் ஹெர்ஷல் அம்மையாரையும் கௌரவ அங்கத்தினராக்கியது. ஆனால் ராயல் சொஸைட்டியார் இவருடைய மார்பளவுச் சிலையைத் தம் மண்டபத்தில் வைக்க முன்வந்தனரேயன்றி, இவரைத் தம் அங்கத்தினராக்க முன்வரவில்லை. சலவைக்கல் வடிவத்துக்குக் கிடைத்த இடம் உயிருள்ள பெண்ணுக்குக் கிடைக்கவில்லை! அச்சங்கத்தில் பெண்களுக்குக் கதவு திறந்தது 1945-ல்தான்.

இவ்வநீதியை அம்மையார் உணராதவரல்லர். 1868-ல் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி ஜான் ஸ்டூவர்ட் மில் திரட்டிய விண்ணப்பத்தில் முதற் கையொப்பம் இவருடையது. கணவரையும் மகனையும் இழந்த துயரிலும் பேனாவைக் கீழே வைத்தாரில்லை. 1869-ல், எண்பத்தெட்டாவது வயதில், அணுத்திரள்களையும் நுண்ணுயிர்களையும் பற்றிய நூலை வெளியிட்டார். 1872-ஆம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரில் உயிர் நீத்தார். ஆக்ஸ்போர்டில் 1879-ல் பெண்களுக்கெனத் தோன்றிய கல்லூரி இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இச்சரித்திரத்தை வாசிப்போர் அம்மையாரின் மேதையை வியப்பதோடு நின்றுவிடலாகாது. சொந்தப் பொருளும், தடை செய்யாத குடும்பமும், காகிதங்களை விரிக்கச் சிறிது நேரமும் வாய்த்தபோதுதான் அம்மேதை வெளிப்பட்டது. அவை வாய்க்காமையால் அடுப்பங்கரையிலேயே அடங்கிப்போன அறிவுகள் எத்தனையோ! படிப்பை இடையில் நிறுத்திய மனைவியும், மருமகளும், தாயும் நம் வீடுகளிலும் உளர். மீண்டும் படிக்க விரும்புவதாக அவர்கள் சொல்லும் நாளில் வயதைக் காட்டி மறுப்பது தேசத்துக்கே நஷ்டம். வீட்டு வேலையைப் பங்கிட்டுக்கொண்டு அவர்களுக்குப் பொழுதளிப்பது ஆடவர் கடமை.